கிணற்றின் குறுக்கே போகும் சுவர்

நவம்பர் 3, செவ்வாய்

வீட்டுக்கு முன்பணம் நீட்டினேன், வீட்டுக்காரர் முத்துவாப்பா வாங்கவில்லை.

"நல்ல வெலதான் சொல்லுறிய. வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லுறேன்" என்றார்.

இது எனக்குத் தெரியாத வித்தையா? சாக்கு வியாபாரத்தில் முப்பது வருஷம் ஓட்டியிருக்கிறேன். ரைஸ் மில்லில் போய்ப் பழைய கோணிக்கு விலை கேட்டால், "முதலாளியக் கேக்கணும்ங்க" என்று சொல்பவன்தான் முதலாளியாக இருப்பான். நானே எத்தனையோ பேரிடம் இதைச் சொல்லி விலையை இறக்கியிருக்கிறேன். ஆகவே பதறவில்லை. பணத்தைத் திரும்ப மடியில் செருகிக்கொண்டு, "கேட்டுச் சொல்லுங்க, அவசரமில்ல" என்றேன்.

அவசரம் இருக்கிறது. மழை ஓய்ந்ததும் உப்பளங்களில் வேலை தொடங்கிவிடும். லட்சக்கணக்கில் சாக்கு கேட்பார்கள். அரவக்குறிச்சியிலிருந்து லாரி வைத்து அனுப்பினால் எனக்கு மிஞ்சுவது டீச்செலவுதான். உப்பளத்துக்குப் பக்கத்திலேயே, ஈரம் ஏறாத குடோன் ஒன்று வேண்டும். அதற்காகத்தான் இந்தப் பவளக்காயலுக்கு வந்தேன். ஊர் முழுக்க முருகைக்கல் வீடுகள். கடலுக்குள்ளிருந்து வெட்டி எடுத்த பவளக்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துக் கட்டியவை. எதற்கு எத்தனை நூறு வயது என்று அங்கேயே பிறந்தவருக்கும் தெரியவில்லை. ஒன்றுகூட இடியவில்லை.

முத்துவாப்பா கடைசியில், "பூட்டித்தான கெடக்கு, குடும்பத்தோட வந்து கொஞ்ச நாள் இருந்து பாருங்கோ. ஒங்களுக்கு வீட்டப் புடிச்சா மட்டும் போதாது பாய், வீட்டுக்கும் ஒங்களப் புடிக்கணும்" என்றார். இதுவும் விலையேற்றும் பேச்சுத்தான். வாடகை கேட்கவில்லை என்பதால் ஒப்புக்கொண்டேன்.

நவம்பர் 6, வெள்ளி

மைமூனை அழைத்து வந்துவிட்டேன். ஊரில் தனியாக விட்டுவர முடியாது. எங்கள் மகள் ராபியாவை வாணியம்பாடியில் கட்டிக்கொடுத்து இரண்டு வருஷம் ஆகிறது. நல்ல இடம், தோல் மண்டிக்காரர்கள். அன்றிலிருந்து மைமூன் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். பிறகு அதுவும் இல்லை. இடம் மாற்றிப் பாருங்கள் என்று டாக்டர் சொன்னார். எனக்கும் குடோன் பார்க்க வேண்டியிருந்தது. ஒரே செலவு.

வீட்டைப் பற்றி எழுதிவிடுகிறேன். தெருவில் நின்று பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஒரு வெள்ளைச் சுவர், ஒரு கதவு, ஆள் உயரத்துக்கு மேலே சின்னச் சின்னத் துவாரங்கள். இதற்கா இந்த விலை என்று தோன்றும். கதவைத் தாண்டினால் ஆண்கள் உட்காரும் கூடம். அதற்குப் பின்னால் முற்றம். முற்றத்துக்குப் பின்னால் இன்னொரு கூடம், அப்புறம் இன்னொரு முற்றம், அறைகள், அடுப்படி, கிணறு, கொல்லை. நடக்க நடக்க வீடு முடியவே மாட்டேன் என்கிறது. அடுத்த தெரு வரைக்கும் போகிறது. வெளியே அகலத்தைக் காட்டாமல் உள்ளே நீளத்தை வைத்திருக்கிறார்கள். கட்டியவன் வியாபாரியாகத்தான் இருந்திருப்பான்.

கொல்லையில் ஒரு சந்து. முடுக்கு என்கிறார்கள். எதிரே ஒருத்தர் வந்தால் ஒருத்தர் ஒதுங்க வேண்டும், அவ்வளவு அகலம். பெண்கள் வழி, ஆண்கள் கால் வைக்கக் கூடாதாம். பக்கச் சுவரிலும் ஒரு சின்னக் கதவு. அதுவும் பெண்கள் பக்கத்து வீட்டுக்குப் போகிற வழிதானாம். அந்த வீடு முத்துவாப்பாவின் கொழுந்தியாள் வீடு. முத்துவாப்பா குடும்பமும் இப்போது அங்கேதான் இருக்கிறது. சரக்கு வைக்கிற இடத்தில் இத்தனை வழி ஆகாது. முதல் வேலையாக இரண்டு கதவுக்கும் தாழ் போட்டேன். கிரயம் முடிந்ததும் செங்கல் வைத்து அடைக்க வேண்டும்.

கிணறுதான் வேடிக்கை. வீட்டுச் சுவர் கிணற்றின் குறுக்கே ஒரு வளைவின் மேல் ஏறிப் போகிறது. பாதி வாய் நமக்கு, பாதி பக்கத்து வீட்டுக்கு. கீழே தண்ணீர் ஒன்றுதான். ஒரு கிணற்றுச் செலவில் இரண்டு வீட்டை முடித்துவிட்டார்கள். பாராட்டத் தோன்றியது.

நம் பாதிக்குப் பலகை போட்டு மூடினேன். முத்துவாப்பா, "சின்னப் புள்ளைய இல்லாத வீட்டுல எதுக்கு பாய்?" என்று கேட்டார். பூனை விழும் என்றேன். அரவக்குறிச்சி வீட்டுக் கிணற்றுக்கும் ஆடி மாதம் கம்பி வலை போட்டிருக்கிறேன். ஏன் என்று இங்கே எழுத வேண்டியதில்லை.

நவம்பர் 7, சனி

மைமூன் அரை இட்லி சாப்பிட்டாள். பேசவில்லை.

நவம்பர் 12, வியாழன்

மழை. ஐந்து நாளாக நின்றபாடில்லை. தெருவெல்லாம் தண்ணீர். வீட்டைச் சோதிக்க நல்ல சமயம்.

நடு அறையில் முன்னமே ஒரு கட்டுச் சாக்கு போட்டு வைத்திருந்தேன். இன்று கட்டின் நடுவில் முழங்கை வரைக்கும் கையை விட்டுப் பார்த்து, எடுத்து முகர்ந்தேன். சாக்கில் ஈரம் ஏறியிருந்தால் கையில் ஒரு புளித்த வாடை வரும். வரவில்லை. புதுச்சணல் வாடைதான் வந்தது. நம்ப முடியாமல் இன்னும் இரண்டு இடத்தில் கையை விட்டேன். அதே. கூப்பிடு தூரத்தில் கடல், தலைக்கு மேல் ஐப்பசி மழை, காலுக்குக் கீழே உப்புமண். நடுவில் ஒரு கட்டுச் சாக்கு வெயிலில் காய்ந்தது போலக் கிடக்கிறது! எனக்கு மெய் சிலிர்த்தது. கரூரில் சிமெண்ட் போட்டுப் புதிதாகக் கட்டிய குடோனில் மூன்றாம் நாளே பூஞ்சை பிடிக்கும்.

உடனே போய் முத்துவாப்பாவிடம் விலையை ஏற்றிச் சொன்னேன். முகம் மலர்ந்தது. "சந்தோசம் பாய். வீட்டுல கேட்டுச் சொல்லுறேன்."

கெட்டிக்காரர். இது இரண்டாவது விலை.

நவம்பர் 15, ஞாயிறு

மத்தியானம் சாப்பாட்டில் மீன் குழம்பு. தேங்காய்ப்பால் விட்டு, மஞ்சளாக, மாங்காய் போட்டு. எங்கள் வீட்டில் இப்படிச் செய்வதில்லை. மைமூனுக்குக் கடல்மீனைக் கழுவக்கூடத் தெரியாது.

"என்ன குழம்பு இது?" என்று கேட்டேன்.

"சீலா மீன் ஆணம்" என்றாள்.

மூன்று வார்த்தை. குழம்புக்கு ஆணம் என்பது இந்த ஊர்ப் பேச்சு. எங்கே கேட்டிருப்பாள்? வீட்டை விட்டு அவள் தெருவில் இறங்கவே இல்லை. இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன். மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டால் நிறுத்திவிடுவாளோ என்றுதான்.

கொத்தனார் வந்து கதவு அளவுகளை எடுத்துக்கொண்டு போனார். முத்துவாப்பாவிடம் மூன்றாவது விலை சொன்னேன். "அல்ஹம்துலில்லாஹ். வீட்டுல..." என்று தொடங்கினார். கும்பிடு போட்டுவிட்டு வந்தேன்.

நவம்பர் 19, வியாழன்

மழையில் நனைந்துகொண்டே பொழுது சாய்ந்து மஃரிபு தொழுகை நேரத்துக்கு உப்பளத்திலிருந்து திரும்பினேன். வாசற்கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினேன். கூப்பிட்டேன். இன்னும் பலமாகத் தட்டினேன். சாக்கு தைக்கிற கோணூசி எப்போதும் என் சட்டைப்பையில் இருக்கும். அதைக் கதவிடுக்கில் விட்டுத் தாழை நெம்பித் திறந்தேன்.

இந்த வீட்டின் நீளத்தை நடந்து பார்த்து எழுதியிருந்தேன். ஓடிப் பார்த்தால் அது இன்னும் நீளம். கூடம், முற்றம், கூடம், முற்றம். எங்கும் விளக்கில்லை. ஆள் இல்லை.

நேராகக் கிணற்றடிக்குத்தான் போயிருக்கிறேன். பலகை எடுத்துச் சுவரோரம் சாத்தி வைக்கப்பட்டிருந்தது.

டார்ச்சை அடித்துக் குனிந்தேன். கறுப்புத் தண்ணீர். மழைத்துளி விழுந்து வட்டம் வட்டமாக விரிந்தது. அப்போது கிணற்றுக்குள்ளிருந்து மைமூன் சிரிக்கிற சத்தம் வந்தது.

அந்தச் சிரிப்பை நான் கேட்டு இரண்டு வருஷமாகிறது. என் கையிலிருந்து டார்ச்சு நழுவி உள்ளே விழுந்தது.

"யா அல்லா! என்ன விழுந்துச்சு?" என்றது கிணறு. வேறொரு பெண் குரல்.

"ஆரோ வெளிச்சம் அடிச்சாஹ. மைமூன் ராத்தா, ஒங்க வீட்டுப் பக்கந்தான்!"

"அது எங்க வீட்டு ஆளாத்தான் இருக்கும்" என்றாள் மைமூன். "ஊருல உள்ளது எல்லாத்தையும் அளந்து பாத்தாச்சு. கிணறு ஒண்ணுதான் பாக்கி."

அந்தப் பக்கம் ஒரு கூட்டமே சிரித்தது. சிரிப்பு வளைவுக்கு அடியில் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு இந்தப் பக்கம் ஏறி வந்தது. நான் கிணற்றுத் திட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் பக்கச் சுவர்க் கதவு திறந்தது. கையில் மூடிய கிண்ணத்தோடு மைமூன் வந்தாள்.

"வாசக்கதவு உள்ள தாழ் போட்டிருக்கு. நீ எப்படி வெளிய போன?"

"வெளிய எங்க போனேன்? உள்ளதான் இருந்தேன்."

என்னைப் பார்த்தாள். பலகையைப் பார்த்தாள். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுத் துண்டு எடுத்து வந்து கொடுத்தாள். காலெல்லாம் சேறு, கழுவத்தான் கிணற்றடிக்கு வந்தேன் என்று நானே சொன்னேன்.

நாளைக்கு வேறு டார்ச்சு வாங்க வேண்டும்.

நவம்பர் 20, வெள்ளி

காலையில் மைமூன் தானாகவே சொன்னாள். வந்த மறுநாளே கிணற்றுக்குள் பேச்சுச் சத்தம் கேட்டதாம். பலகையைத் தூக்கிப் பார்த்தாளாம். "ஆரு அங்க, புதுசா வந்தவஹளா?" என்று தண்ணீர் கேட்டதாம். பயந்து மூடிவிட்டாள். மறுநாளும் கேட்டது. அதற்கு மறுநாள் பதில் சொல்லியிருக்கிறாள். பிறகு கதவின் தாழை எடுத்துவிட்டாள். தினமும் நான் கிளம்பியதும் கதவைத் திறந்து வைப்பாள், நான் வருவதற்குள் தாழ் போட்டுவிடுவாள்.

"எதுக்குப் பலகையத் தூக்கின?" என்று கேட்க வாயெடுத்தேன். வேண்டாமென்று விட்டுவிட்டேன்.

ஜும்ஆ தொழுகை முடிந்ததும் முத்துவாப்பாவைப் பிடித்தேன்.

"நீங்க யாரைத்தான் கேட்கணும்? மூணு விலை சொல்லியாச்சு. ஒரு முடிவு சொல்லுங்க."

"நான் என்னத்த முடிவு சொல்ல? வீடு அவஹளுதுல்லா."

"யாருது?"

"எங்க வீட்டுல. அவஹ உம்மா வீடு, அதுக்கு முந்தி அவஹ உம்மாட உம்மா வீடு. நான் மாப்பிளையா வந்து ஏறினவன். தெனந்தோறும் சொல்லிக்கிட்டுத்தான இருக்கேன் பாய், வீட்டுல கேக்கணும்னு!"

"அப்ப பையன்களுக்குக் கொடுக்காம எதுக்கு விக்கறீங்க? மூணு பேர் இருக்காங்களே."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "மூணும் அவனவன் பொஞ்சாதி வீட்டுல இருக்கானுவ. ஆம்பளைக்கு எதுக்கு பாய் வீடு? எங்களுக்கு ஒரு பொம்பளப் புள்ள இல்ல. அதான் விக்குறோம்."

பொய் சொல்லிப் பேரம் பேசுகிறவர்களை எல்லாம் எனக்குத் தெரியும். இந்த மனிதர் ஒரு பொய்கூடச் சொல்லாமல், வீட்டில் உரிமையே இல்லாமல், என்னிடம் இரண்டு முறை விலையை ஏற்ற வைத்துவிட்டார்.

சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு பேச்சு நடந்தது. நான் பக்கத்து வீட்டு முன்கூடத்தில். உள்வாசலில் திரை. திரைக்குப் பின்னால் முத்துவாப்பாவின் மனைவி ஜைனம்பு நாச்சி. வியாபாரத்தில் நான் முகத்தைப் பார்த்துத்தான் விலை சொல்வேன். கண் எங்கே போகிறது, தொண்டை எப்போது விழுங்குகிறது என்று பார்ப்பேன். திரையை எப்படிப் பார்ப்பது?

"வாங்கோ, இரிங்கோ" என்றது குரல். "மூணு வெல சொன்னியளாம். மூணும் காதுக்கு வந்துச்சு. கடைசி வெலயிலேந்து பேசுவோமா?"

"அது மழையில சொன்ன விலைங்க" என்றேன்.

"மழையிலதான வீட்டப் பாக்கணும்."

திரைக்குப் பின்னால் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். மைமூனும் அந்தப் பக்கம்தான் இருக்கிறாள் என்று அப்போது தெரிந்தது.

"கதவ அடைக்கப் போறியளாமே. கொத்தனார் அளந்தாராம்."

"சரக்கு இருக்கற இடமுங்க. பின்வழி இருந்தா காபந்து இல்ல."

"சரக்குன்னா, சாக்கு?"

"ஆமாங்க."

"ஒங்க சாக்கத் தூக்கிக்கிட்டு எந்தப் பொம்பள முடுக்குல ஓடப் போறா?"

இப்போது யாரும் அடக்கவில்லை. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

சிரிப்பு ஓய்ந்ததும் குரல் மாறியது. "ஞாயித்துக்கிழமை இந்த வரிசை வீட்டுல உள்ள பொம்பளைய எல்லாம் அடுத்த தெருவுல கலியாண வீட்டுக்குப் போயிருவாஹ. போகும்போது கதவயெல்லாம் தெறந்து போட்டுட்டுப் போகச் சொல்லுறேன். நின்னு பாருங்கோ. பாத்துட்டு, எத அடைக்கணும்னு ஒங்க வாயால சொல்லுங்கோ."

நவம்பர் 22, ஞாயிறு

எழுதத் தெரியவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

முத்துவாப்பா என்னைப் பக்கச் சுவர்க் கதவுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். "இங்கினயே நில்லுங்கோ, தாண்ட வேண்டாம்" என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தார்.

கதவுக்குள் ஒரு கதவு தெரிந்தது. அதற்குள் இன்னொன்று. அதற்குள் இன்னொன்று. ஒரு வீட்டின் கதவுக்கு நேராக அடுத்த வீட்டின் கதவு, நூல் பிடித்தது போல. ஒவ்வொரு வீட்டிலும் முற்றத்து வெயில் விழுந்து கிடந்தது. வெயில், இருட்டு, வெயில், இருட்டு என்று போய்க்கொண்டே இருந்தது. போகப் போகக் கதவுகள் சிறிதாகி, உள்ளங்கை அளவாகி, தீப்பெட்டி அளவாகி, கடைசியில் ஒரு வெள்ளைப் பொட்டு. அசைந்துகொண்டிருந்தது.

"அது என்ன?"

"கடல்" என்றார்.

எத்தனை வீடு என்று எண்ணத் தொடங்கி, நடுவில் விட்டுவிட்டேன். எண்ணாமல் விட்ட சரக்கு என் வாழ்க்கையில் இது ஒன்றுதான்.

ஒரே ஆள் கட்டிய வீடுகளா என்று கேட்டேன். இல்லையாம். ஒன்று தாத்தா காலம், ஒன்று அவருக்கும் தாத்தா காலம். அந்த ஊரில் வீடு கட்டுகிறவர்கள் முதலில் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் போய் அவள் கதவு எங்கே இருக்கிறதென்று கேட்பார்கள். அதற்கு நேராக நிலையை நட்டுவிட்டு, அதற்கப்புறம்தான் சுவரை எழுப்புவார்கள். இரண்டு மில்காரர்களை ஒரே அளவுச் சாக்குக்குச் சம்மதிக்க வைக்க என்னால் முடிந்ததில்லை. இங்கே எத்தனையோ தலைமுறை, ஒருத்தரை ஒருத்தர் பார்த்திராதவர்கள், ஒரு கோட்டை வளையாமல் கொண்டுபோயிருக்கிறார்கள்.

அப்போது காற்று வந்தது. அந்த வெள்ளைப் பொட்டிலிருந்து கிளம்பி, எல்லா வீட்டையும் ஊடுருவி என் நெஞ்சில் வந்து மோதி, என்னைச் சுற்றிக்கொண்டு நடு அறைக்குள் போனது. சாக்குக் கட்டின் நுனிகள் ஆடின. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. என் சாக்கு ஏன் காய்ந்து கிடந்தது? சுவரால் மட்டும் இல்லை. மைமூன் தினமும் கதவைத் திறந்து வைத்திருந்தாள். அந்தக் கதவைச் செங்கல் வைத்து அடைத்திருந்தால், நான் விலை கொடுத்து வாங்கிய பொருளை நானே கொன்றிருப்பேன். மூன்றாம் நாள் பூஞ்சைதான்.

கொல்லைக்குப் போய் முடுக்கின் வாயில் நின்றேன். உள்ளே கால் வைக்கவில்லை. கையை மட்டும் நீட்டி எட்டிய சுவரைத் தொட்டேன். இடுப்பு உயரத்தில் சுண்ணாம்பு தந்தம் போல வழவழவென்று இருந்தது. யாரும் தேய்க்கவில்லை. இருட்டிலும் மழையிலும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டும் சட்டியைத் தூக்கிக்கொண்டும் போன பெண்களின் கை பட்டுப் பட்டு ஆனது. மூன்று வாரமாக நான் ஊரென்று நினைத்துச் சுற்றி வந்தது வெளிச்சுவரை. ஊர் இதற்குள் இருக்கிறது.

கொத்தனாருக்கு வர வேண்டாமென்று ஆள் அனுப்பினேன்.

நவம்பர் 24, செவ்வாய்

சாக்கு தைத்துக்கொண்டிருந்தேன். மைமூன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஜைனம்பு ராத்தா ராபியாவப் பத்திக் கேட்டாங்க."

"என்ன சொன்ன?"

"வாணியம்பாடின்னேன். எவ்வளவு தூரம்னு கேட்டாங்க. எனக்குச் சொல்லத் தெரியல." ஒரு சாக்கை இழுத்து மடித்துக்கொண்டே, "அவங்க வீட்டுக் கொல்லையிலயும் முடுக்கு இருக்குமா?" என்றாள்.

"நல்ல இடம் மைமூன் அது."

"நான் ஒண்ணும் சொல்லலையே."

ஊசி விரலில் ஏறிவிட்டது. முப்பது வருஷத்தில் எனக்கு ஊசி ஏறியதில்லை.

நவம்பர் 27, வெள்ளி

பேசி முடிந்தது. முன்பணத்தைத் திரைக்கு அடியில் தள்ளினேன். வளையல் போட்ட கை ஒன்று எடுத்துக்கொண்டது. முத்துவாப்பா, "இப்ப சரி" என்றார்.

விலை இரண்டு லட்சத்துப் பத்தாயிரம். நான் மழையில் சொன்ன மூன்றாவது விலை. ஒரு ரூபாய் இறங்கவில்லை. பத்திரம் என் பேரில் இல்லை, மைமூன் பேரில். அவளுக்குப் பின் ராபியாவுக்கு. எந்த ஆணுக்கும் எழுதக் கூடாது. சாக்கு முன்கூடத்திலும் நடு அறையிலும் மட்டும். அதற்கு அப்பால் போக வேண்டுமானால் நான் இருமிவிட்டுப் போக வேண்டும். பக்கக் கதவுக்கும் முடுக்குக் கதவுக்கும் பகலில் தாழ் கூடாது, செங்கல் எந்நாளும் கூடாது. வருஷாவருஷம் நோன்பு மாதம் முழுக்க ராபியா இந்த வீட்டில் வந்து இருக்க வேண்டும். வாணியம்பாடிக்குப் போய் மாப்பிள்ளை வீட்டாரிடம் பேச வேண்டியது நான்.

எல்லாம் ஜைனம்பு நாச்சி சொன்னவை. கடைசியாக ஒன்று இருக்கிறது, அது மைமூன் திரைக்குப் பின்னாலிருந்து சொன்னது. கிணற்றுக்குப் பலகை போடக் கூடாது.

"இனிமே வேண்டாம்" என்றாள்.

ஒப்புக்கொண்டேன்.